ரெண்டு டம்ளர்

ரெண்டு டம்ளர்னு சொல்லிட்டேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுவும் சின்ன டம்ளர்தானுங்க டாக்டர்னு, கேக்காததையும் சேத்துச் சொன்னேன். டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. எழுதி முடிச்சு பேனாவ மூடினாங்க பாரு, அப்பவாவது சொல்லியிருக்கலாம். இல்லீங்க டாக்டர், ஆறு பாட்டிலுங்க, கால் லிட்டர் பாட்டில், சில நாளு ஏழுங்கன்னு. சொல்ல முடியல. பக்கத்துல அவரு நின்னுட்டு இருந்தாரு. என்னோட வீட்டுக்காரரு, பூபதி. எட்டு மாசமா தெனமும் மத்தியானம் பன்னெண்டரைக்குப் பனியன் கம்பெனியில இருந்து போன் பண்ணி, பாப்பா சாப்டாளான்னு கேட்டவரு. எட்டு மாசமா சாப்டாளுங்கன்னு நான் பதில் சொன்ன ஆளு. அவரு மூஞ்சிக்கு முன்னாடி வெச்சு டாக்டர் கேட்டா வேற என்ன சொல்றது. இப்ப மணி பத்தே முக்கால். கட்டில்ல தன்ஷிகா தூங்கறா. ஒண்ணே முக்கா வயசுப் புள்ள, கட்டில்ல கால்வாசிகூட இல்ல. கையில பலகை மாதிரி எதையோ வெச்சுக் கட்டி, அதுக்குள்ள ஊசி குத்தி, மேல இருந்து ரத்தம் எறங்குது. ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழறதுக்குள்ள நான் மூச்சு விட்டு மூச்சு வாங்கிடறேன். வேகமா ஏத்தினா இருதயம் தாங்காதாம், அதான் இவ்வளவு மெதுவா. யாரோட ரத்தமோ. யாருன்னு தெரியாத ஒருத்தர் எம்புள்ளைக்கு இவ்வளவு குடுத்திருக்காரு, நான் ஒரு நிசத்தைக் குடுக்க மாட்டேங்கறேன்.

டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க, எனக்குப் புரியாம ஒண்ணும் இல்ல. பதினொண்ணு இருக்க வேண்டிய ரத்தம் மூணு புள்ளி ஒம்போதுதான் இருக்குன்னாங்க. மலத்துல கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரத்தம் போகுதுன்னாங்க. சில குழந்தைங்க சோறு தண்ணி இல்லாம நாளெல்லாம் பாலாவே குடிச்சு இப்படி வரும், பாலு குடலை அரிச்சு ரத்தத்தை ஒழுக விடும், இரும்புச் சத்தையும் சேர விடாது, ஆனா உங்க குழந்தை ரெண்டு டம்ளர்தான் குடிக்குது, சோறும் நல்லா சாப்பிடுது, அதனால வேற ஏதோ இருக்குன்னாங்க. கோயம்புத்தூர் அனுப்பி, மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா ஒரு டியூபு, கீழ ஒரு டியூபு விட்டு எங்க ஒழுகுதுன்னு தேடணுமாம். அவருதான் கேட்டாரு, மயக்கம் குடுத்தா ஒண்ணும் ஆகாதுங்களான்னு. இருதயம் வீங்கியிருக்கு, ரிஸ்க் இருக்கு, ஆனா காரணம் தெரியாம விட முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. காரணம் தெரியாம. நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன், கட்டில் கம்பியப் புடிச்சுட்டு. காரணம் பைக்குள்ள இருந்துச்சு, துண்டு சுத்தி, மூடி போட்டு, காலையில கீழ கடையில வாங்கி ஊத்தின பாலு. பன்னெண்டு மணிக்குத் திரும்ப வருவாங்க. அதுக்குள்ள கையெழுத்துப் போடற பாரம் வாங்க அவரு கீழ போயிருக்காரு. பன்னெண்டுக்குள்ள சொல்லிடணும். சொல்லலைன்னா எம்புள்ளைய மயக்கம் போட்டு, இல்லாத நோவைத் தேடுவாங்க. அந்த மயக்கத்துல இருந்து அவ எந்திரிக்காமப் போனா. வேண்டாம், அதுக்கு மேல நெனைக்க வேண்டாம். பன்னெண்டுக்குள்ள சொல்லிடணும்.

எனக்குத் தெரியாத பாலா. ஊருல யாரு வீட்டுப் பாலு என்ன தரம்னு மோந்து பாத்தே சொல்லிடுவேன். பால் சொசைட்டியில ஆறு வருசமா டெஸ்டரு நான். காலையில ஆறுல இருந்து எட்டரை, சாயங்காலம் மூணுல இருந்து அஞ்சரை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தூக்குப்போசியில பாலோட ஆளுங்க வரிசை, இந்தப் பக்கம் நான். லாக்டோமீட்டர எறக்கினா அது மெதக்கறதுலயே தெரிஞ்சிடும், யாரு தண்ணி ஊத்தியிருக்காங்கன்னு. மீட்டரே வேண்டாம், ஆளு மூஞ்சியப் பாத்தாப் போதும். தண்ணி ஊத்தினவன் நான் கேக்கறதுக்கு முன்னாடியே காரணம் சொல்லுவான். நாச்சிமுத்து அண்ணன் இருக்காரே, போசிய வெக்கும்போதே ஆரம்பிச்சிருவாரு, மாடு சினைங்க அம்மிணி, அதான் பாலு கொஞ்சம் நீத்தாப்ல இருக்குன்னு. நான் சிரிச்சுட்டே கேப்பேன், ஏனுங்கண்ணா, சினையா இருக்கறது மாடா, உங்க வீட்டுக் கொழாயான்னு. வரிசையே சிரிக்கும். அப்படிப்பட்ட வாயி எனக்கு. இன்னிக்கு அந்தச் சின்ன டம்ளர்தானுங்கன்னு நான் சொன்னது இருக்கே, அது அச்சு அசலா நாச்சிமுத்து அண்ணன் பேச்சு. கேக்கறதுக்கு முன்னாடி காரணம். எங்கிட்ட எவனாச்சும் அப்படிச் சொல்லியிருந்தா அந்த நிமிசமே புடிச்சிருப்பேன். டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும், பெத்தவ பொய் சொல்லுவான்னு அவங்க எதுக்கு நெனைக்கணும்.

டெஸ்ட்டுக்கு எடுத்த பாலை மறுபடி கேன்ல ஊத்தக் கூடாது. ஒவ்வொருத்தர் பாலுலயும் ஒரு கரண்டி எடுத்து, மீட்டரு பாத்து, ஓரமா ஒரு போசியில ஊத்திடுவோம். சாம்பிள் பாலு. அது டெஸ்டருக்கு, காலங்காலமா அப்படித்தான், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நேரம் ஒண்ணுக்கு ஒரு லிட்டருக்கு மேலயே சேரும். நல்ல மாடு, நோஞ்ச மாடு, எருமை, தண்ணி ஊத்தினது, எல்லாம் கலந்த பாலு. அதைக் கொண்டுபோயிக் காச்சி ஆத்தி பாட்டில்ல ஊத்தினா எம்புள்ள ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு, கண்ணை மேல சொருகி, மடக்கு மடக்குன்னு குடிப்பா. அதைப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போகும். ஏன்னா நான் குடிச்சதில்ல. சின்ன வயசுல எங்க வீட்டுல மூணு மாடு இருந்துச்சு, ஒரு சொட்டுப் பாலு எங்களுக்குக் கெடையாது. அத்தனையும் அம்மா கேன்ல ஊத்தி சொசைட்டிக்கு அனுப்பிருவா. எங்களுக்கு வரக்காப்பி. தீவாளிக்குப் பாலு காச்சினா அடிப்புடிச்ச சட்டியச் சுரண்டறதுக்கு நானும் எந்தம்பியும் அடிச்சுக்குவோம். ஒருக்கா அவன் எங்கையக் கடிச்சே வெச்சுட்டான். அப்பவே நெனைச்சேன், எனக்குன்னு ஒரு புள்ள பொறந்தா பாலுலயே குளிப்பாட்டுவேன்னு. குளிப்பாட்டிட்டேன். தாய்ப்பாலு நின்ன மறுநாளே பாட்டிலு. ஊருல எல்லாரும் ஊத்தற பாலுல எம்புள்ளைக்கு ஒரு பங்கு இருக்குதுன்னு அவ்வளவு பெருமை எனக்கு. எந்த வீட்டுப் புள்ள நாளைக்கு ஒண்ணரை லிட்டர் குடிக்கும், சொல்லுங்கன்னு ஜன்னல்லயே வெச்சு சவால் விட்டிருக்கேன். அந்த ஊருக்கே தெரியும் ஒண்ணரை லிட்டர்னு. இந்த ஆஸ்பத்திரியிலதான் அது ரெண்டு டம்ளர் ஆயிடுச்சு.

சொட்டு விழுகுது. பெருமை மட்டும்தான்னு சொன்னா அதுவும் பொய்யிதான். இங்க யாரும் கேக்கல, எனக்கு நானே சொல்றதுக்கு என்ன. சோறு ஊட்டறது ஒரு மணி நேர வேலை. பருப்புச்சோத்தைக் குழைச்சு நெய் விட்டு வாயிகிட்ட கொண்டுபோனா ஒதட்டை இறுக்கிக்குவா. உள்ள தள்ளினாத் துப்புவா. காக்காயக் காட்டி, கன்னுக்குட்டியக் காட்டி, ரெண்டு வாயி எறங்கறதுக்குள்ள சட்டை, தரை, என்னோட மடி எல்லாம் சோறு. அப்பறம் ஒரே அழுகை. மணி ரெண்டே முக்காலுக்கு நான் சொசைட்டிக்கு ஓடணும். பாட்டில வாயில வெச்சா அஞ்சு நிமிசம். அழுகை நிக்கும், புள்ள தூங்கும், சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சுட்டு நான் வேலையப் பாக்கலாம். அழுதாப் பாட்டிலு, விழுந்தாப் பாட்டிலு, ஆளுங்க வரிசை நீண்டாப் பாட்டிலு. அவளுக்குன்னு வெச்ச சோத்தை நானே தின்னுடுவேன், இல்லைன்னா நாய்க்குக் கொட்டிடுவேன். பன்னெண்டரைக்குப் போன் அடிக்கும். பாப்பா சாப்டாளா. மொத நாளு சாப்புடலீங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அன்னிக்குத்தான் சாப்டாளுங்க, ரெண்டு கிண்ணம்னு சொன்னேன். அந்தப் பக்கம் அவரு சிரிச்சாரு. மெசின் சத்தத்துக்கு நடுவுல அந்தச் சிரிப்பு கேட்டுச்சு. பத்து மணி நேரம் நின்னு துணி வெட்டற மனுசன், அந்த ஒரு பதிலைக் கேட்டுட்டுத்தான் அவரு டிபன் பாக்ஸைத் தொறப்பாரு. அதுக்கப்பறம் தெனமும் சாப்டாளுங்கதான். ஞாயித்துக்கிழமை அவரு ஊட்டினா வாயத் தொறக்க மாட்டா, நான் சமாளிப்பேன், நேத்து வயிறு சரியில்லீங்க, பல்லு வருதுங்க, உங்களப் பாத்தா அவளுக்கு வெளையாட்டுங்கன்னு. எவ்வளவு பூசி மெழுகியிருக்கேன்.

அப்பறம் அந்த நெறம். ஐயோ, அந்த நெறம். நானும் கருப்பு, அவரும் கருப்பு. புள்ள பொறந்தப்ப எங்களாட்டத்தான் இருந்தா. ஒரு வயசுக்கு மேல வெளுக்க ஆரம்பிச்சா. கன்னம், காது, உள்ளங்கை எல்லாம் மெழுகு மாதிரி ஆச்சு. கோகிலா, உம்புள்ளைக்குக் கலர் வந்துடுச்சு பாரு, பாலு குடிக்கற புள்ளையாச்சேன்னு வரிசையில நின்ன பொம்பளைங்க கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. பொட்டப்புள்ள செவப்பா இருக்கறது நாளைக்கு நல்லதுன்னாங்க. நான் கண்ணு பட்டுடும்னு காலுல மை வெச்சேன். திட்டி சுத்தி மொளகா போட்டேன். அவரு சட்டைக் கையை மடிச்சு தன்னோட கையை அவ கைக்குப் பக்கத்துல வெச்சு, ஏம்மா இது நம்ம புள்ளதானான்னு கிண்டல் பண்ணினாரு. செல்லுல போட்டோ எடுத்து கம்பெனியில எல்லாருக்கும் காமிச்சாரு. ரத்தம் வத்தறதைப் பாத்து நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருந்திருக்கோம். ஏன் புள்ள நடக்கறதை நிறுத்திட்டான்னு ஒருத்தரும் யோசிக்கல. ஒரு வயசுல சுவத்தைப் புடிச்சுட்டு நாலடி நடந்தவ, அப்பறம் உக்காந்தே இருந்தா. குண்டுப் புள்ள, மெதுவா நடப்பான்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இருந்தா, அதுவும் கொறைஞ்சு போச்சு. அமைதியான புள்ள, வேலைக்குத் தொந்தரவே இல்லைன்னு அதுக்கும் ஒரு பெருமை.

நேத்து சாயங்காலம் மாட்டு டாக்டரு வந்தாரு. நாச்சிமுத்து அண்ணன் மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவரு, சொசைட்டியில தண்ணி குடிக்க நின்னாரு. தன்ஷிகா சாக்கு மேல படுத்துட்டு இருந்தா, மூச்சு வேகமா வாங்கிட்டு. அவரு பாத்துட்டு நின்னாரு. அப்பறம் குனிஞ்சு, ஆட்டுக்குட்டிக்குப் பண்ற மாதிரி, கட்டை வெரலால கண்ணு கீழ்ப்பட்டையை இழுத்துப் பாத்தாரு. உள்ள வெள்ளையா இருந்துச்சு. செவப்பே இல்ல. அவரு எந்திரிச்சு, ஒரு ஆட்டுக்குட்டி இப்படி இருந்தா நான் போன மாசமே ஊசி போட்டிருப்பேன் கோகிலா, இப்பவே புள்ளையத் தூக்கிட்டு ஓடுன்னாரு. ராத்திரியே இங்க கொண்டு வந்து சேத்தோம். ஊருல எத்தனை பேரு தொட்டுக் கொஞ்சின மூஞ்சி அது. ஒரு மாட்டு டாக்டருக்குத்தான் கண்ணைத் தொறந்து பாக்கத் தோணியிருக்கு. நான் பாத்தேனா. தெனமும் அறுபது வீட்டுப் பாலைச் சோதிச்சவ, எம்புள்ளைய ஒரு நாளு சோதிச்சேனா.

மண்ணு திங்கறாளான்னும் கேட்டாங்க டாக்டரம்மா. இல்லீங்கன்னேன். அதுவும் பொய்யி. சொசைட்டிச் செவுத்துச் சுண்ணாம்பை நகத்தால சுரண்டித் தின்னுவா. வாசல்ல உக்கார வெச்சா ஈர மண்ணை அள்ளி வாயில போட்டுக்குவா. சோத்துக்கு இறுக்கற வாயி மண்ணுக்குத் தொறக்கும். எனக்கு அப்படியே பத்திட்டு வரும். ஊரு பாக்குது, சோறு போடாம வெச்சிருக்கான்னு சொல்லுவாங்கன்னு கோவம். கையிலயே அடிச்சேன். ஒருநாளு சுளீர்னு விழுந்துடுச்சு, வெரலு பதிஞ்சும் செவக்கல. அப்பக்கூட எனக்கு உறைக்கல, அடி லேசாத்தான் விழுந்திருக்குன்னு நெனைச்சேன். மண்ணை அள்ளக் கூடாதுன்னு வெரலுல வேப்பெண்ணெயத் தடவி விட்டேன். அழுதுட்டே அந்தக் கசப்போட வெரலைச் சப்பிட்டு மறுபடி மண்ணைத்தான் எடுத்தா. ரத்தத்துல இரும்பு இல்லாத புள்ள மண்ணைத் தேடும்னு ஒரு சிஸ்டர் பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க, காதுல விழுந்துச்சு. பேச்சு வராத புள்ள வேற எப்படிக் கேக்கும். அது கேட்டுச்சு. நான் கையில அடிச்சேன்.

மணி பதினொண்ணே முக்கால். சிஸ்டர் வந்து டியூபைத் தட்டிப் பாத்துட்டுப் போறாங்க. சிஸ்டர்னு கூப்புட வாயெடுத்தேன், கட்டில் விரிப்பை இழுத்து விட்டுட்டு உக்காந்துட்டேன். அவங்ககிட்ட மெதுவா சொல்லிடலாம், டாக்டரம்மாகிட்ட தனியா சொல்லிடுங்க சிஸ்டர், அவருக்குத் தெரிய வேண்டாம்னு. அப்படி ஒரு கணக்கு ஓடுது பாரு உள்ளுக்குள்ள. புள்ள இப்படிக் கெடக்கும்போதும் எம்மானத்தைத்தான் மொதல்ல துண்டு போட்டு மூடறேன். சொல்லாமலே விட்டா என்ன ஆகும்னும் ஒரு நெனைப்பு வருது. டியூபு போட்டுப் பாப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லுவாங்க, நாளையில இருந்து நான் பாலை நிறுத்திடுவேன், யாருக்கும் தெரியாது, புள்ள தேறிடும். அந்த நெனைப்பு வந்ததுக்கே எனக்கு என்னைப் புடிக்கல. இருதயம் வீங்கியிருக்குன்னு சொன்னாங்களே, அந்த நெஞ்சைப் பாரு, சட்டைக்குள்ள கோழிக்குஞ்சு துடிக்கற மாதிரி துடிக்குது. அதுக்கு மேல மயக்க மருந்தா. எதுக்கு. ஒரு பொம்பளைக்கு வாயி வரலைன்னு.

அவரு படியேறி வர்றாரு. கையில பாரம். சட்டை நேத்துப் போட்டது, அதுல நூலு ஒட்டியிருக்கு. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன் கோகிலா. நீயும் போடணுமாம். கீழ வண்டி ரெடியா நிக்குது" ன்னாரு. பேனாவக் குடுத்தாரு. அவரு கண்ணு செவந்து கெடக்குது. படியில எங்கயோ நின்னு அழுதிருக்காரு. "பயப்படாத. நீ நல்லாத்தான பாத்துட்ட. அவளுக்குள்ள என்னமோ நோவு, நாம என்ன பண்ண முடியும்" ன்னாரு. அந்தப் பேச்சுதான் என்னைக் கொன்னுச்சு. கட்டில் ஓரத்துல பாரத்தை வெச்சு கோ-ன்னு எம்பேரை எழுத ஆரம்பிச்சேன். பேனாவக் கீழ வெச்சுட்டேன். அந்நேரம் டாக்டரம்மா உள்ள வந்தாங்க.

"டாக்டர், ரெண்டு டம்ளர் இல்லீங்க."

"என்னம்மா?"

"பாலுங்க. ஆறு பாட்டில் குடிப்பா. சில நாளு ஏழு. கால் லிட்டர் பாட்டில். ஒண்ணரை லிட்டருக்குக் கொறையாதுங்க."

அவங்க எம்மூஞ்சியவே பாத்தாங்க. எழுதல. "சோறு?"

"இல்லீங்க. எட்டு மாசமா ஒரு வேளைகூட ஒழுங்காச் சாப்பிட்டதில்ல."

"மண்ணு?"

"திம்பாளுங்க. சுண்ணாம்பும் திம்பா. அடிச்சிருக்கேன்."

நான் அவரைப் பாக்கல. பாக்கற தைரியம் இல்ல. அவரோட செருப்பு மட்டும் தெரிஞ்சுது, அது நகரல. டாக்டரம்மா அட்டையில இருந்ததைக் குறுக்கால அடிச்சாங்க. இதைக் காலையிலயே சொல்லியிருக்கணும்மான்னு மட்டும் சொன்னாங்க, சத்தம் போடல. கோயம்புத்தூர் இப்ப வேண்டாம், ரத்தம் ஏறட்டும், இரும்பு மருந்து ஆரம்பிக்கலாம், பாலைக் கொறைச்சுட்டுப் பத்து நாள் கழிச்சு மலத்தை மறுபடி பாக்கலாம்னாங்க. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல பாலு வேண்டாம், மிச்சம் எல்லாம் சோறு, பருப்பு, கீரை, முட்டைன்னாங்க. ரெண்டு டம்ளர். நான் சொன்ன பொய்யிதான் சரியான அளவு. அவருதான் கேட்டாரு, நடை, பேச்சு எல்லாம் திரும்ப வந்துடுமுங்களான்னு. நெறைய குழந்தைங்களுக்கு வந்துடும், சிலருக்குக் கொஞ்சம் பின்தங்கும், இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

அவரு பாரத்தை எடுத்து நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. ஒரு வார்த்தை வைதிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. தன்ஷிகா முழிச்சுட்டா. முழிச்ச உடனே அவ கண்ணு என்னைத் தேடல, பையத்தான் தேடுச்சு. கட்டுப் போடாத கையை நீட்டினா. சிஸ்டர் ஒரு கோடு போட்ட சின்னக் கப்பைக் கொண்டு வந்து, இதுல நூறு மில்லி, அவ்வளவுதான், அளந்து குடுங்கன்னு சொன்னாங்க. நான் அளந்தேன். கோட்டுக்கு மேல ஒரு சொட்டு நின்னதையும் திரும்ப ஊத்தினேன். நாலு மடக்குல முடிஞ்சு போச்சு. கப்பைக் கவுத்துப் பாத்தா, என்னைப் பாத்தா, மறுபடி கையை நீட்டினா. மிச்சப் பாலை நான் கொண்டுபோயி தொட்டியில ஊத்தினேன். அவ அழுதா, சத்தமா அழ அவகிட்ட தெம்பு இல்ல. வாயி மட்டும் அழற மாதிரி தொறந்து தொறந்து மூடுச்சு.

ஆஸ்பத்திரிச் சோறு வந்துச்சு. அவருதான் பருப்பை ஊத்தி வெரலால மசிச்சாரு, துணி வெட்டி வெட்டிக் காய்ச்சுப் போன வெரலு. அவ ஒதட்டுல வெச்சாரு. அவ இறுக்கிக்கிட்டா. அவரு எடுக்கல, அப்படியே வெச்சுட்டு இருந்தாரு. கொஞ்சம் உள்ள போச்சு, துப்பிட்டா. மறுபடி வெச்சாரு. துப்பினா. அப்ப அவரு சட்டைப் பையில போன் அடிச்சுது. யாரும் கூப்புடல, அவரே வெச்ச அலாரம். பன்னெண்டரை. இத்தனை நாளா மறக்காமப் போன் பண்றாருன்னு நெனைச்சுட்டு இருந்தேன், அலாரம் வெச்சுட்டுப் பண்ணியிருக்காரு. அவரு அதை அணைச்சாரு. சோத்துக் கையோட என்னைத் திரும்பிப் பாத்தாரு. தெனமும் கேக்கற அதே கொரல்லதான் கேட்டாரு.

"பாப்பா சாப்டாளா?"

"சாப்புடலீங்க" ன்னேன்.